பெட்டியில் அச்சிட்ட வேகம், கையில் கிடைக்கும் வேகம்: .22 மேக்னம் தோட்டாவும் கைத்துப்பாக்கியும்

.22 மேக்னம் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "இருபத்திரண்டா? அது அணில் அடிக்கத்தான் ஆகும்" என்பது ஒரு கட்சி. "மேக்னம்னு பேர் வெச்சிருக்கான், சும்மாவா வெப்பான்?" என்பது எதிர்க்கட்சி. இருவரும் பேசுவது ஒரே தோட்டாவைப் பற்றித்தான். இருவர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி சரி என்பது அந்தத் தோட்டா எவ்வளவு நீளமான குழலில் வெடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொள்ளத் துப்பாக்கியைத் தொட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. சின்ன வயதில் தீபாவளிக்கு ரோல் கேப் வெடித்திருந்தால் போதும்.

## முதலில் பெயர்க் குழப்பம்

"உடலில் இருந்து தோட்டா அகற்றப்பட்டது" என்று செய்தித்தாளில் எழுதுவார்கள். உடலுக்குள் போவது தோட்டா இல்லை, குண்டு. தோட்டா என்பது முழுப் பொட்டலம்: ஒரு பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, கூட்டின் வாயில் செருகிய ஈயக் குண்டு, அடியில் தீப்பொறி கொடுக்கும் கொஞ்சம் தூண்டுமருந்து. சுட்டதும் குண்டு மட்டும்தான் பறக்கிறது. கூடு துப்பாக்கியிலேயே தங்கும், அல்லது பக்கவாட்டில் தெறித்துக் கீழே விழும்.

.22 என்பது குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில். சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். காய்ந்த பட்டாணியைவிடக் கொஞ்சம் மெலிசு.

மேக்னம் என்றால் லத்தீனில் பெரியது. ஐரோப்பாவில் ஒன்றரை லிட்டர் ஒயின் பாட்டிலுக்கு, அதாவது வழக்கமான பாட்டிலைப் போல இரண்டு மடங்குக்கு, அந்தப் பெயர். அதைத்தான் துப்பாக்கிக்காரர்கள் இரவல் வாங்கினார்கள். பிற்பாடு ஐஸ்கிரீம்காரர்களும் வாங்கினார்கள். குண்டின் பருமன் அதேதான், ஆனால் கூடு பெரிது, மருந்து அதிகம் என்பதுதான் பொருள். இத்தனை சக்தி இருந்தால்தான் மேக்னம் என்று எந்த அளவுகோலும் கிடையாது. .44 மேக்னத்துக்கும் .22 மேக்னத்துக்கும் பெயர் ஒற்றுமை தவிர ரத்த உறவு எதுவும் இல்லை. இந்தப் பெயர் ஒற்றுமைதான் எதிர்க்கட்சியின் ஆர்வத்துக்குப் பாதிக் காரணம்.

## ரோல் கேப்பும் ஆப்பச் சட்டியும்

ரோல் கேப்பில் சிவப்புக் காகிதத்துக்குள் ஒரு புள்ளி மருந்து இருக்கும். கல்லால் தட்டினாலும் வெடிக்கும், பொம்மைத் துப்பாக்கியின் சுத்தி விழுந்தாலும் வெடிக்கும். நெருப்பே தேவையில்லை, அடி போதும். தூண்டுமருந்து என்று மேலே சொன்னது இந்த வகைதான்.

1845 வாக்கில் பிரான்சில் ஃப்ளோபெர் என்ற துப்பாக்கித் தொழிலாளி, அந்தக் காலத்து உலோகக் கேப் ஒன்றின் வாயில் ஒரு சின்ன ஈய உருண்டையை வைத்துப் பார்த்தார். வெடிமருந்தே இல்லை. கேப் வெடிக்கிற வேகமே உருண்டையைத் தள்ளியது. பணக்கார வீடுகளின் கூடத்தில் பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுட அது போதுமாக இருந்தது. 1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்தக் கேப்பைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே கருமருந்தும் போட்டு, .22 ஷார்ட் என்ற தோட்டாவை உருவாக்கியது. 1887-ல் அது இன்னும் வளர்ந்து .22 லாங் ரைஃபிள் ஆனது. சுருக்கமாக எல்.ஆர். இன்றைக்கும் உலகெங்கும் ஏராளமாகப் புழங்குவது இதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் நான்காவதாக வந்தாரே, அங்கே சுடப்பட்டது எல்.ஆர். தோட்டா. (அவர் பதக்கம் வாங்கியது காற்றுத் துப்பாக்கியில்; அதில் தோட்டாவே கிடையாது.)

இந்தக் குடும்பத்துத் தோட்டாக்களின் அடியைப் பார்த்தால், சாப்பாட்டுத் தட்டின் ஓரம்போல ஒரு விளிம்பு வெளியே மடிந்திருக்கும். அந்த மடிப்பின் உள்பக்கம் பொள்ளலாக இருக்கும். தூண்டுமருந்து அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை ஓங்கி நசுக்கும்போது தீப்பொறி கிளம்பும். விளிம்பில் அடிபட்டு வெடிப்பதால் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். போலீஸ், ராணுவத் தோட்டாக்கள் வேறு வகை. அவற்றின் அடிப்பாகத்தின் நடுவில் தூண்டுமருந்து வைத்த தனிக் கிண்ணம் ஒன்று செருகியிருக்கும். அது சென்டர்ஃபயர்.

தொழிற்சாலையில் இந்த மருந்தை விளிம்புக்குள் எப்படிச் சேர்க்கிறார்கள்? ஆப்பம் சுடுகிற மாதிரிதான். ஈர மருந்தைக் கூட்டுக்குள் இட்டு, கூட்டைச் சுழற்றினால் அது ஓரத்துக்கு ஏறி மடிப்புக்குள் நிறையும். சட்டியைச் சரியாகச் சுழற்றாவிட்டால் ஆப்பத்தின் ஓரம் ஓரிடத்தில் விட்டுப்போகும் இல்லையா, அதேபோல இங்கேயும் எப்போதாவது ஓரிடத்தில் மருந்து இல்லாமல் போகலாம். ஊசி சரியாக அந்த இடத்தில் விழுந்தால் தோட்டா வெடிக்காது. அதே தோட்டாவைக் கொஞ்சம் திருப்பி வைத்து அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடும். சென்டர்ஃபயரைவிட ரிம்ஃபயர் அதிகம் ஏமாற்றும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விளைவும் உண்டு. ஊசி நசுக்க வேண்டும் என்றால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். பித்தளை மெல்லியதானால் உள்ளே அதிக அழுத்தம் ஏற்ற முடியாது. கார் டயருக்கு பெட்ரோல் பங்கில் "முப்பத்திரண்டு வைங்க" என்கிறோம். அது சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. .22 எல்.ஆர். தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த உச்சவரம்பு 24,000. போலீஸ் பிஸ்டலில் வரும் 9 மில்லிமீட்டர் சென்டர்ஃபயருக்கு 35,000.

இதுவரை: ரிம்ஃபயர் என்றால் விளிம்பில் தூண்டுமருந்து வைத்த தோட்டா. மெல்லிய கூடு, குறைந்த அழுத்தம், எப்போதாவது ஏமாற்றும் குணம்.

## கூடுதல் பலம் எங்கிருந்து வருகிறது?

.22 மேக்னத்தை வின்செஸ்டர் நிறுவனம் 1959-ல் அறிவித்தது. எல்.ஆர். கூட்டின் நீளம் 15.6 மில்லிமீட்டர், மேக்னத்துடையது 26.8. இரண்டிலும் வழக்கமான குண்டு ஒரே எடைதான்: 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். நீண்ட ரைஃபிளில் சுட்டால் எல்.ஆர். குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 375 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது. மேக்னம் குண்டு 570 மீட்டர்.

குண்டின் ஆற்றலை ஜூலில் சொல்வார்கள். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஒரு ஜூல். எடையோடு வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்கிப் பாதியாக்கினால் குண்டின் ஆற்றல் கிடைக்கும். அந்தக் கணக்கில் எல்.ஆருக்குச் சுமார் 180 ஜூல், மேக்னத்துக்கு 420. இரண்டு மடங்குக்கும் மேல்.

மேக்னம் அப்படியானால் ஓங்கித் தள்ளுகிறது என்றுதானே நினைப்போம்? இல்லை. மேக்னத்தின் அழுத்த வரம்பும் அதே 24,000தான்.

நின்றுபோன காரை இரண்டு பேர் தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி தள்ளிவிட்டு விட்டால் கார் மெதுவாக உருளும். அதே இரண்டு பேர், அதே பலத்தோடு, இருபதடி தள்ளினால் வேகமாக உருளும். பலம் கூடவில்லை, தள்ளிய தூரம் கூடியது. மேக்னம் செய்வது இதைத்தான்.

இதற்கு மருந்தும் மாற வேண்டும். சருகைப் பற்றவைத்தால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். வேலிக்கருவை விறகு நின்று எரியும். எல்.ஆரில் இருப்பது கொஞ்சம் மருந்து, சீக்கிரம் எரிந்து முடிகிறது. குழல் சுமார் 16 அங்குலம் ஆவதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் குழல் நீண்டால் உராய்வுதான் மிச்சம். மேக்னத்தில் மருந்தும் அதிகம், மெதுவாகவும் எரிகிறது. குண்டு குழலில் முன்னேற முன்னேற பின்னால் அழுத்தம் சட்டென்று விழாமல் நீடித்துத் தள்ளுகிறது.

சுருக்கமாக: மேக்னத்தின் சக்தி நீண்ட நேரத் தள்ளலில் இருக்கிறது. தள்ளுவதற்குத் தெரு நீளமாக இருக்க வேண்டும்.

## தெரு குட்டையானால்

கைத்துப்பாக்கியின் சிக்கல் இங்கேதான். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய வேகம் பெரும்பாலும் 24 அங்குல ரைஃபிள் குழலில் அளந்தது. சட்டைப் பையில் போடுகிற ரிவால்வரின் குழல் 2 அங்குலம்கூட இருக்காது.

ஸ்பியர் நிறுவனம் குட்டைக் குழலுக்கென்றே தனியாகத் தயாரிக்கும் 40 கிரெய்ன் மேக்னம் தோட்டா, 1.9 அங்குலக் குழலில் விநாடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகம் தருகிறது. ஆற்றல் 130 ஜூல் சொச்சம். ரைஃபிளில் 420 இருந்தது நினைவிருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. அதைவிடக் கூத்து, சாதாரண எல்.ஆர். ரைஃபிளில் தந்த 180 ஜூலைக்கூட இந்த மேக்னம் எட்டவில்லை.

அதே குட்டைக் குழலில் எல்.ஆர். சுட்டால் 100 ஜூல் அளவில் கிடைக்கும். மேக்னத்தால் ஆதாயமே இல்லை என்று சொல்ல முடியாது. முப்பது ஜூல் ஆதாயம். ரைஃபிளில் இருந்த 240 ஜூல் ஆதாயத்தோடு ஒப்பிட்டால் அது கறிவேப்பிலை.

காணாமல் போன ஆற்றல் என்ன ஆகிறது? குண்டு போனபின் சூடான வாயுவாகவும் எரிந்து முடியாத மருந்தாகவும் குழலுக்கு வெளியே சீறுகிறது. அந்தி நேரத்தில் பார்த்தால் துப்பாக்கியின் வாயில் ஒரு பந்து நெருப்பு தெரியும். சத்தமும் அதற்கேற்ப. 140 டெசிபெல்லைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே தடவையில்கூடக் காதைக் கெடுக்கலாம் என்பது மருத்துவக் கணக்கு. குட்டைக் குழல் மேக்னம் அதைத் தாராளமாகத் தாண்டும். சின்னத் துப்பாக்கிதானே என்று காது மூடாமல் சுடுபவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்டனை.

குழல் நீளத்தில் இன்னொரு கண்ணாமூச்சியும் இருக்கிறது. பிஸ்டலில் குழல் அளவு சொல்லும்போது தோட்டா உட்காரும் அறையையும் சேர்த்துச் சொல்வார்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருப்பதால் அந்த நீளம் கணக்கில் வராது. மேக்னம் கூடு மட்டுமே ஓர் அங்குலத்துக்கும் மேல் நீளம். ஆக, 4.3 அங்குலம் என்று சொல்லும் பிஸ்டலில் குண்டு ஓடுகிற பாதை மூன்றேகால் அங்குலம்தான். ரிவால்வருக்கும் ஒரு நட்டம் உண்டு: உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி, கொஞ்சம் வாயு அதன் வழியே தப்பிவிடும்.

6 அங்குல ரிவால்வரில் நிலைமை தேறுகிறது. வேகம் 400 மீட்டரைத் தாண்டும், ஆற்றல் 200 ஜூலைத் தாண்டும். ரைஃபிள் எல்.ஆரை இடுப்பில் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம், கொஞ்சம் கூடவே. என் கருத்தில் கைத்துப்பாக்கியில் .22 மேக்னத்துக்கு அர்த்தம் தொடங்குவது இங்கே.

## எதில் பயன், எதில் வீண்

வின்செஸ்டர் இந்தத் தோட்டாவை அறிவித்தபோது அதற்கான அதன் சொந்த ரைஃபிள் தயாராக இல்லை; 1960-ல்தான் வந்தது. அதற்குள் ரூகரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரிவால்வர்களை இறக்கிவிட்டன. ரைஃபிளுக்கென்று பிறந்த தோட்டா முதலில் குடியேறிய வீடுகளில் கைத்துப்பாக்கியும் ஒன்று.

அவற்றில் ரூகர் சிங்கிள்-சிக்ஸ் இன்றும் இந்தத் தோட்டாவுக்குப் பொருத்தமான கைத்துப்பாக்கி என்பேன். கௌபாய் பாணி, ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். இரட்டை வசதி உள்ள மாடலில் இரண்டு உருளைகள் தருவார்கள்: ஒன்று எல்.ஆருக்கு, ஒன்று மேக்னத்துக்கு. மலிவான எல்.ஆரில் நாளெல்லாம் பழகலாம். அமெரிக்கக் கிராமப்புறத்தில் கோழிக்கூட்டுக்கு ரக்கூன் வரும் இரவில் உருளையை மாற்றிக்கொள்ளலாம். முயல், நரி அளவு விலங்குக்கு, கிட்ட இருந்து, 6 அங்குலக் குழலில் அது போதும்.

ஏன் உருளையை மாற்ற வேண்டும், இரண்டும் .22தானே? இது பலர் தடுமாறும் இடம். எல்.ஆர். குண்டு கூட்டின் அதே பருமன். அதன் வால் மட்டும் மெலிந்து கூட்டுக்குள் செருகியிருக்கும். மேக்னம் குண்டு பாட்டில் கார்க் மாதிரி முழுப் பருமனோடு கூட்டுக்குள் இறங்குகிறது. அதனால் மேக்னத்தின் கூடு அகலம்: 6.1 மில்லிமீட்டர், எல்.ஆருக்கு 5.7. மேக்னம் எல்.ஆர். அறைக்குள் நுழையாது, அந்த மட்டும் நல்லது. எல்.ஆர். மேக்னம் அறைக்குள் லொடலொடவென்று நுழைந்துவிடும். சுட்டால் சுவர்த் துணை இல்லாத மெல்லிய பித்தளை பிளந்து, சூடான வாயு சுடுபவர் பக்கம் திரும்பலாம். செய்யவே கூடாது.

பை ரிவால்வர்கள் வேறு கதை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 351பிடி ஏழு தோட்டா கொள்ளும், எடை சுமார் 310 கிராம். நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸின் குட்டி ரிவால்வர் ஐந்து தோட்டாவோடு உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். தற்காப்புக்கென்று இவற்றை வாங்குபவர்கள் சொல்லும் காரணம் பின்னுதை குறைவு என்பது. உண்மைதான். மூட்டுவலியுள்ள வயதானவர் .38 ரிவால்வரை இரண்டு முறை சுட்டதும் வைத்துவிடுவார், இதை முழுதாகச் சுட்டு முடிப்பார். ஆனால் அதே கைக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. விளிம்பை நசுக்க ஓங்கி அடிக்க வேண்டும். ஓங்கி அடிக்க வலுவான சுருள்வில் வேண்டும். அதனால் 351பிடி போன்ற ரிவால்வர்களில் விசையை இழுக்க அதிகப் பலம் தேவை. பின்னுதைக்குப் பயந்து வந்தவர் விசையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கடையில் ஒருமுறை வெறுமனே பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கினால் இது தெரியாது.

வலிமை போதுமா என்ற கேள்விக்கு ஒரு அளவுகோல் உண்டு. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் ஆட்களை இழந்தபின், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. குண்டுகளைச் சதைக்கு ஈடாக வைத்த ஜெலட்டின் கட்டியில் சுட்டுச் சோதிக்கத் தொடங்கியது. 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும், கூடவே முனை விரிந்தால் நல்லது. குட்டைக் குழல் மேக்னத்தின் தொல்லை இரண்டாவதில். ரைஃபிள் வேகத்தை நம்பிச் செய்த குண்டு இந்த வேகத்தில் விரியாமல் ஊசி மாதிரி போய்விடும். அதற்காகத்தான் ஸ்பியர், ஹார்னடி நிறுவனங்கள் குறைந்த வேகத்திலும் வேலை செய்யும் தனிக் குண்டுகளை வடிவமைத்தன. பை ரிவால்வரில் மேக்னம் சுடுவதென்றால் அவைதான் பொருத்தம். ரைஃபிள் தோட்டாவைப் போட்டுக்கொண்டு மேக்னம் என்று மார்தட்டுவது வீண்.

இதையெல்லாம் சொல்வதால் .22 பொம்மை என்று ஆகிவிடாது. 1968-ல் ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஒரு .22 ரிவால்வர். மேக்னம்கூட இல்லை. ஒருவரைக் கொல்ல முடிவது வேறு, தாக்க வருபவரை அந்த நொடியே நிறுத்துவது வேறு. "அணில் அடிக்கத்தான்" கட்சி கோட்டைவிடுவது முதலாவதை, "சும்மாவா வெப்பான்" கட்சி கோட்டைவிடுவது இரண்டாவதை.

## பிஸ்டலுக்கு ஏன் இத்தனை நாள் ஆனது

ரிவால்வரில் எளிதாக அமர்ந்த மேக்னம், தானாகத் தோட்டா மாற்றும் பிஸ்டல்களுக்குள் வரத் திணறியது. ஒரு காரணம் அந்த விளிம்பு. மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மேலது முன்னால் நகராது, துப்பாக்கி சிக்கிவிடும். இன்னொரு காரணம், நீளமான மெல்லிய கூடு. உள்ளே அழுத்தம் அடங்குமுன் வெளியே இழுத்தால் கிழியும்.

1987-ல் வந்த ஆட்டோமேக் டூ ஒரு முயற்சி. 2010-ல் கெல்-டெக்கின் பிஎம்ஆர்-30 முப்பது தோட்டா மேகசினோடு, பிளாஸ்டிக் உடலில், அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் வந்தபோதுதான் பேச்சு சூடுபிடித்தது. மேகசினைச் சரியாக அடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்ற பெயரும் அதோடு வந்தது. 2023-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் முப்பது தோட்டா மேக்னம் பிஸ்டல் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டப்பா டப்பாவாகச் சுட்டு மகிழ அருமையான வகை. எல்.ஆரைவிடத் தோட்டா விலை கணிசமாக அதிகம் என்பதால் மகிழ்ச்சிக்குப் பர்ஸில் ஓர் எல்லை உண்டு.

## .17 என்ற தம்பி

2002-ல் ஹார்னடி நிறுவனம் மேக்னம் கூட்டின் கழுத்தை ஒடுக்கி அதில் 17 கிரெய்ன் குண்டைப் பொருத்தியது. ஒரு கிராம் சொச்ச எடை. பெயர் .17 ஹெச்.எம்.ஆர். ரைஃபிளில் விநாடிக்கு 770 மீட்டரைத் தாண்டும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் அணிலையும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் தொடும். அதன் மவுசு மொத்தமும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. இதற்கும் ரிவால்வர்கள் செய்தார்கள். குட்டைக் குழலில் வேகம் போய்விட்டால் கையில் மிஞ்சுவது ஒரு கிராம் ஈயமும் காதைக் கிழிக்கும் சத்தமும். நீண்ட குழலும் தொலைநோக்கியும் பொருத்திய கைத்துப்பாக்கியில் இலக்கு சுடுகிறவர்கள் இதை ரசிக்கலாம். மற்றவர்கள் இதை ரைஃபிளுக்கே விட்டுவிடலாம்.